சரிவில் நிறுத்தச் சொன்னோம்

பூசாத்தின் கையிலிருந்து சாவியை வாங்கி ஊர்த்தலைவர் என்னிடம் நீட்டியபோது, வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து அப்போதுதான் எடுத்த சாவி, அவன் உடம்புச் சூட்டோடு இருந்தது.

அது ஊருக்குச் சொந்தமான வண்டி. பின்னால் தார்ப்பாய் போட்ட பழைய பெட்ரோல் பிக்கப். ஒலிவக்காய் மூட்டையைச் செக்குக்கு ஏற்றுவதும் அதுதான், பிரசவ வலி வந்தவளைக் கீழே பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அதுதான். எங்கள் கபீல் மலையில் ஊருக்கு ஒரு வண்டி இருந்தாலே பெரிய விஷயம். எத்தனையோ வருஷமாக ஓட்டியவன் பூசாத். பேட்டரி செத்துப்போனபோது புதிது வாங்க ஊர்க்கூட்டத்துக்கு மனசு வரவில்லை. ராத்திரி தண்ணீர்த்துறைக்கு மேலே உள்ள சரிவில், மூக்கு கீழே பார்க்கிற மாதிரி நிறுத்துங்கள், காலையில் உருட்டிவிட்டால் தானே கிளம்பும் என்று தீர்மானம் போட்டோம். அன்றைக்குத் தலையாட்டியவர்களில் நானும் ஒருவன்.

இந்தக் குளிர்காலத்தில் பெட்ரோல் குறைய ஆரம்பித்தது. முதலில் சொன்னதே பூசாத்தான். "யாரோ ராத்திரியில எடுக்கறாங்க" என்றான். நம்பினோம். தொடர்ந்து குறையவும் சிரிக்க ஆரம்பித்தோம். "பூசாத் வண்டி ராத்திரி டியூட்டியும் பாக்குதாம்ல?" என்று காப்பிக்கடையில் பேச்சு. அவன் மச்சான் தோட்டத்துக்குப் புதிதாகப் பெட்ரோல் மோட்டார் வாங்கியிருந்தான். அதை இதோடு முடிச்சுப் போட்டார்கள். ஸலாம் சொல்லிக் கன்னத்தோடு கன்னம் வைக்கும்போது அவன் சட்டையை மோந்து பார்த்தவர்கள் உண்டு. நானும் மோந்தேன். பெட்ரோல் வாசனை வந்தது. கார்பரேட்டரில் கை வைக்கிறவன் மேல் அத்தரா மணக்கும்?

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் தலைவர் ஹாஜி மெஸ்யான் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார்.

"பூசாத், இங்க யாரும் உன்னைத் திருடன்னு சொல்லலை. அடுத்த வெள்ளிக்கிழமை தர்காவுல ஒரு சத்தியம் பண்ணிடு. எல்லாருக்கும் மனசு தெளிஞ்சிடும்."

"யாரும் சொல்லலைன்னா நான் எதுக்கு ஹாஜி சத்தியம் பண்ணணும்?"

எங்கள் ஊரில் சத்தியம் செய்தவன் தப்பித்துவிடுவான். ஆனால் சாகும்வரை அவன் பெயர் 'சத்தியம் பண்ண வெச்சாங்களே, அவன்' என்பதுதான். அவன் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர்தான். பூசாத் எழுந்து சாவியை எடுத்து நீட்டினான். அவனைத் தவிர வண்டி ஓட்டும் லைசென்ஸ் வைத்திருந்தவன் நான் மட்டும். கல்லுடைக்கிற வேலைக்கு நடுவே வயசான காலத்தில் எழுத்துக் கற்று வாங்கிய லைசென்ஸ் அது. அதை வாங்கச் சொல்லி என் பின்னால் அலைந்தவனும் பூசாத்தான்.

அன்று மாலை டேங்கை நானே நிரப்பினேன். மூடியைக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டினேன். விடிந்ததும் போய்ப் பார்த்தேன். கம்பி அப்படியே இருந்தது. குச்சியை விட்டுப் பார்த்தால் இரண்டு விரல் அளவு குறைந்திருந்தது.

வீட்டில் ஒரு கேனில் பெட்ரோல் இருக்கிறது, யாருக்கும் தெரியாமல் ஊற்றிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்குள் மூட்டைகளோடு பெண்கள் வந்துவிட்டார்கள். சோக்கை இழுத்து, வண்டியை உருட்டி, இரண்டாவது கியரில் விட்டேன். இருமியது, கரும்புகை கக்கியது, தண்ணீர்த்துறை பக்கத்தில் போய் நின்றுவிட்டது. அதற்கப்புறம் என்ன தள்ளியும் கிளம்பவில்லை.

"ஆக்லி, வண்டி பூசாத்தை நினைச்சு அழுவுதுடா!"

"பெட்ரோல் இருக்கான்னு பாத்தியா? இல்ல, நீயும் குடிச்சிட்டியா?"

"இவனையும் தர்காவுக்குக் கூட்டிட்டுப் போங்கடி!"

சிரித்தார்கள். விளையாட்டுப் பேச்சுதான், ஆனால் எனக்கு முகம் எரிந்தது. நியாயத்துக்குப் பயந்து நான் பூசாத் வீட்டுக்குப் போகவில்லை. வண்டி கிளம்பாததால் போனேன்.

கதவைத் திறந்தது அவன் மனைவி மல்ஹா.

"வாங்க டிரைவரே. சாவிதான் உங்ககிட்ட இருக்கே, இன்னும் என்ன வேணும்?"

"அண்ணன் இருக்காரா மல்ஹா?"

"இருக்கார். நல்லாப் பெட்ரோல் குடிச்சிட்டுப் படுத்திருக்கார். உள்ள போய் வாயை மோந்து பாருங்க."

உள்ளேயிருந்து பூசாத் குரல் கொடுத்தான். "மூட்டை வெளியில கிடக்கா? மேகம் வருது. வரேன்னு சொல்லு."

வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. பிளக்கைக் கழற்றினான். நான்கும் கருத்து, சொட்டச் சொட்ட நனைந்திருந்தன.

"சோக் இழுத்தியா?"

"இழுத்தேன்."

"மூக்கு வரைக்கும் குடிச்சுக் கிடக்கு. இதுல நீ சோக் இழுத்து இன்னும் பெட்ரோல் ஊத்தினியா?"

கார்பரேட்டரைத் திறந்து, மிதவையை எடுத்து, பெட்ரோல் வரும் வழியை அடைக்கிற ஊசியை வெளிச்சத்தில் பிடித்தான். நுனியில் நகம் மாட்டுகிற அளவுக்குத் தேய்ந்த பள்ளம். அப்புறம் என்ன தோன்றியதோ, ஆயில் அளக்கும் கம்பியை உருவினான். அளவுக் கோட்டைத் தாண்டி ரொம்ப மேலே நின்றது ஆயில். தண்ணீர் மாதிரி ஓடியது. மோந்து பார்த்தான். கம்பியோடு அப்படியே கல்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"ஆயில் குறையவே இல்லைன்னு உங்கிட்ட பெருமையடிச்சேனேடா. கிழட்டு என்ஜின், ஆயில் குடிக்கிற என்ஜின், குறையலைன்னா எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?"

"என்ன ஆச்சுண்ணே?"

சரிவைக் காட்டினான். "மூக்கைக் கீழ வெச்சு நிறுத்துறோம். டேங்க் மேல, என்ஜின் கீழ. இந்த ஊசி அடைக்கறதில்ல. ராத்திரி முழுக்கப் பெட்ரோல் தானா இறங்குது. கார்பரேட்டர் நிரம்பி, உள்ள ஒழுகி, ஆயிலோட கலந்துடுது. அதனாலதான் காலையில கிளம்ப மாட்டேங்குது. கிளம்பலைன்னு நாம திரும்பவும் சரிவுலயே கொண்டுபோய் நிறுத்துறோம்."

கம்பியைத் துணியில் துடைத்து உள்ளே சொருகினான்.

"ஒண்ணு சொல்லட்டுமா ஆக்லி? உன் வீடுதானே சரிவுக்குக் கீழ இருக்கு. நான் உன்னைத்தான் நினைச்சேன்."

"கூட்டத்துல ஏன் சொல்லலை?"

"நினைக்கறதும் சொல்றதும் ஒண்ணா?"

நான் குனிந்து ஸ்பேனரைத் தேடுவதுபோல் பாவனை செய்தேன். ஸ்பேனர் என் கையிலேயேதான் இருந்தது.

என்ஜினுக்கு அடியில் ஆயில் சேம்பரைத் திறந்து ஆயிலை வடித்தான். வீட்டிலிருந்து வேறு ஆயில் கொண்டுவந்து ஊற்றினான். ஊசியைத் தேய்த்துச் சமன் செய்தான். பிளக்கைத் துடைத்து மாட்டி, "சோக் வேண்டாம், ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சுக்க" என்றான். பெண்களும் சேர்ந்து தள்ள, கிளம்பியது. மூட்டை நனையாமல் செக்குக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்று தொழுகை முடிந்ததும் ஆட்களைக் கூட்டினேன். "சாவி எங்கிட்ட இருந்துச்சு. மூடியைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தேன். அப்படியும் பெட்ரோல் போச்சு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். "யாராவது சத்தியம் பண்ணணும்னா, சரிவுல நிறுத்தச் சொன்ன நாமதான் பண்ணணும்." பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். கூடச் சிரிக்க ஆள் இல்லாததால் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

சாவியை வாங்கிக்கொண்டு ஹாஜி முன்னால் நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். பூசாத் எழுந்து நின்று வரவேற்றான். மல்ஹா அத்திப்பழமும் காப்பியும் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனாள். அவள் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"தப்பு நடந்துபோச்சு பூசாத்."

"நடந்துபோச்சு ஹாஜி."

"சத்தியம் கேட்டதை நாங்க திரும்ப எடுத்துக்கறோம். இந்தா சாவி."

பூசாத் கை நீட்டவில்லை. "எப்படி எடுத்துப்பீங்க? என் பசங்க பள்ளிக்கூடத்துல கேட்டுட்டு வந்துட்டாங்களே."

ஹாஜியின் கை நீட்டியபடியே இருந்தது. கடைசியில் அவரே மடக்கிக்கொண்டார்.

"புது ஊசி வாங்கிப் போடுங்க. இனிமே தண்ணீர்த்துறை பக்கம் சமதரையில நிறுத்துங்க. கிளப்பத் தள்ளணும். தள்ள ஆளுங்க ஊர்ல இல்லாமலா போயிட்டாங்க?" என்றான் பூசாத். "காப்பி ஆறுது, குடிங்க."

குடித்தோம். வெளியே வந்ததும் ஹாஜி சாவியை என்னிடமே கொடுத்தார்.

அதிலிருந்து தினமும் விடியற்காலையில் ஆண்கள் வந்து தள்ளுகிறோம். ஹாஜியும் வந்து கை வைக்கிறார். வண்டி சீக்கிரமே பற்றிக்கொள்கிறது. அதில்கூட எனக்குச் சந்தோஷம் இல்லை.

நேற்று மூட்டைகளோடு இறங்கும்போது, முன்னால் பூசாத் கழுதைமேல் ஒலிவக்காய் ஏற்றிக்கொண்டு செக்குக்கு நடந்துபோனான். வேகத்தைக் குறைத்தேன். பக்கத்து இருக்கையில் கிடந்த சாக்கைப் பின்னால் தள்ளி இடம் பண்ணினேன். சத்தம் கேட்டு அவன் திரும்பிப் பார்த்தான். கழுதையை ஓரமாக இழுத்து, வழியில் வருகிற எந்த வண்டிக்கும் ஒதுங்குவதுபோல் ஒதுங்கி நின்றான். நான் தாண்டிப் போகும்வரை நின்றான்.