புதன்கிழமைக் குழு பெயின்ட் அடித்த கதை

மின்கம்பியில் ஓடும் டிராலிபஸ்ஸின் ஓட்டுநர் எவ்லோகியை அவர் மனைவி மக்தா எங்கள் மனநல மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு வந்தபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. பல்கேரியாவின் ரூசே நகரத்தில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. யார் கையைக் காட்டினாலும் வண்டியை நிறுத்துவார். ஜன்னலில் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்த ஒருத்தி கையைத் தூக்கியதற்குக்கூட ஒருமுறை நிறுத்தினார். நகரசபைத் தேர்தலில் எதிரெதிரான இரண்டு கட்சிகள் அவரை வேட்பாளராகப் போட்டிருந்தன. இரண்டு கட்சிக்காரர்களும் வீட்டுக்கு வந்து கேட்டார்களாம். அவரால் மறுக்க முடியவில்லை.

"நெஞ்சு அடைக்குதுங்கிறாரு, தூக்கமே கிடையாது," என்று பதிவு மேசையில் இருந்த என்னிடம் மக்தா சொன்னாள். "நேத்து நடுரோட்டுல வண்டிய நிறுத்திட்டாரு. பாதிப் பேரு 'எடு'ன்னாங்களாம், பாதிப் பேரு 'ஒருத்தர் ஓடி வர்றாரு, இரு'ன்னாங்களாம். மனுஷன் ஸ்டியரிங்கக் கட்டிப் பிடிச்சு அழுதிருக்காரு."

டாக்டர் பாஸ்கோவா அப்போதுதான் ஒரு புது முறையைத் தொடங்கியிருந்தார். பதற்றம், மனச்சோர்வு என்று நோயை வைத்துப் பிரிக்காமல், ஆட்களின் சுபாவத்தை வைத்துப் பிரித்தார். திங்கட்கிழமை முன்கோபிகள். செவ்வாய்க்கிழமை எதிலும் குறை கண்டுபிடிப்பவர்கள். எவ்லோகி எந்த ரகம் என்று பார்க்க நூற்றிருபது கேள்விகளைக் கொடுத்தார். தனிமை பிடிக்குமா? ஆம். கூட்டம் பிடிக்குமா? ஆம். நூற்றிருபதுக்கும் ஆம்.

"ஏங்க, எல்லாத்துக்குமா ஆமாம்?"

"இவ்வளவு பாடுபட்டுக் கேட்டிருக்கீங்க டாக்டரம்மா. இல்லைன்னு போட்டா உங்க மனசு சங்கடப்படுமே."

டாக்டர் அவரைப் புதன்கிழமைக் குழுவில் சேர்த்துவிட்டார். அங்கே ஏற்கெனவே ஐந்து பேர், எல்லாருமே மறுக்கத் தெரியாதவர்கள். முதல் நாள் "நீங்க போங்க", "ஐயோ, நீங்க முதல்ல" என்று வாசலிலேயே இருபது நிமிடம் நின்றார்கள். நான்தான் ஒவ்வொருவராக முதுகைப் பிடித்து உள்ளே தள்ளினேன். பிப்ரவரி மாதக் கடுங்குளிர், ஜன்னல் திறந்து கிடந்தது. ஆறு பேரின் உதடும் நீலம் பாரித்தது. யாரும் மூடச் சொல்லவில்லை.

தினமும் ஒருவரிடம் ஒருமுறை 'முடியாது' சொல்ல வேண்டும் என்று டாக்டர் வீட்டுப்பாடம் கொடுத்தார். அடுத்த வாரம் ஐந்து பேரும் சொல்லிவிட்டதாகச் சொன்னார்கள்.

எவ்லோகி தலையைச் சொறிந்தார். "நான் சொல்லலீங்க. இவங்களும் சொல்லல. உங்க மனசு நோகக் கூடாதேன்னு பொய் சொல்றாங்க."

"ஆமாங்க," என்று ஐந்து பேரும் உடனே ஒத்துக்கொண்டார்கள்.

டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. எவராவது மறுக்கும்வரை அநியாயமாகக் கேட்டுக்கொண்டே போவது என்று முடிவு செய்தார். தன் காரைக் கழுவச் சொன்னார். பனியில் நின்று கழுவினார்கள். நூலகத்தில் வேலை பார்க்கும் ராலிட்சா சக்கரத்துக்கும் மெருகு போட்டாள். கடைசியில் டாக்டர், "இந்த ரூமுக்கு பெயின்ட் அடிங்க!" என்று கத்தினார். அடுத்த புதனன்று ஆறு பேரும் பழைய உடுப்போடு வந்துவிட்டார்கள், எலுமிச்சை மஞ்சள் வாளிகளோடு. மக்தா சுட்ட பனிட்சா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரமும் வந்தது.

அறையின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். "யாராவது ஒருத்தர் முடியாதுன்னு சொல்லித் தொலைங்களேன்!"

"சரிங்க டாக்டரம்மா," என்றார்கள் ஆறு பேரும்.

எங்கள் இயக்குநர் கம்புரோவ் எட்டிப் பார்த்து அசந்துபோனார். "பாஸ்கோவா, இவங்கள அவசரப்பட்டுக் குணமாக்கிடாதீங்க. மாடிப்படி பாக்கி இருக்கு." மாடிப்படி முடிந்தது, அவருடைய அறையும் முடிந்தது. சுவரில் தூரிகைத் தடம் தெரிகிறது என்று செவ்வாய்க்கிழமைக்காரர்கள் புகார் சொன்னார்கள். புதன்கிழமைக்காரர்கள் மன்னிப்புக் கேட்டு மறுபடியும் அடித்தார்கள்.

பெயின்ட் வேலை தீர்ந்ததும் இயக்குநருக்குப் புது முறையின் வெற்றியை மேலிடத்துக்குக் காட்டும் ஆசை வந்தது. 'நான் முழுமையாகக் குணமடைந்தேன்' என்று அச்சடித்த தாளை நீட்டினார். ஐந்து பேர் கையெழுத்துப் போட்டார்கள். எவ்லோகி பேனாவைப் பிடித்தபடியே நின்றார். வியர்வை தாளில் சொட்டியது.

"போடுங்க எவ்லோகி, ஒரு நிமிஷ வேலை."

"இல்ல."

"என்னது?"

"இல்லைங்க. நெஞ்சு இன்னும் அடைக்குது. நேத்துகூடக் கண்ணு மூடல. போட மாட்டேன்."

டாக்டர் பாய்ந்து வந்து அவர் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். "சொல்லிட்டீங்க! குணமாயிட்டீங்க! இப்பப் போடுங்க!"

"அதான் மாட்டேங்கிறேன்ல," என்றார் எவ்லோகி. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான்.

"அண்ணன் சொல்றது சரிதான்," என்று ராலிட்சா தன் தாளைத் திரும்பக் கேட்டாள். மற்ற நால்வரும் கேட்டார்கள்.

இயக்குநரின் முகம் வெளுத்தது. "எனக்கு எதிராவே கிளம்பிட்டாங்களா?"

"இல்ல சார்," என்றார் டாக்டர் சோர்வாக. "அவரோட ஒத்துப்போறாங்க."

ஒரே சுபாவக்காரர்களை ஒன்றாக அடைத்ததுதான் தப்பு என்று டாக்டர் அன்றே உணர்ந்தார். ஆறு பேரையும் வேறு வேறு குழுக்களில் பிரித்துப் போட்டார். எவ்லோகி திங்கட்கிழமைக்குப் போனார். அங்கே ஸ்பாஸ் என்ற கசாப்புக்கடைக்காரர் முதல் நாளே அவரைப் பார்த்து, "அது என் நாற்காலிய்யா, எந்திரி!" என்று உறுமினார். எவ்லோகி எழுந்தார், யோசித்தார், மறுபடி உட்கார்ந்துகொண்டார். ஸ்பாஸ் வேறு நாற்காலி தேடினார்.

தூக்கம் வர ஆகஸ்ட் ஆயிற்று. ஒரு திங்களன்று ஸ்பாஸ் தன் மைத்துனனைத் திட்டிக்கொண்டிருந்த நடுவில் குறட்டைச் சத்தம் கேட்டது. எவ்லோகி வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். டாக்டர் உதட்டில் விரல் வைத்தார். ஒரு நிமிடம் வாயை மூடத் தெரியாத அந்த ஏழு முன்கோபிகளும் நாற்பது நிமிடம் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள்.