பெயிண்ட் பக்கெட்டில் ஒரு தோட்டம்

சத்யப்பிரியா மேடத்துக்கு இந்த மாதம் குப்பை மேல் காதல் வந்திருந்தது. போன மாதம் யோகா, அதற்கு முந்தின மாதம் கேக். ஏழு வருடமாக அவருடைய குவார்ட்டர்ஸில் வீட்டு வேலை செய்கிறேன். அத்தனை காதலையும் கடைசியில் பெருக்கித் துடைத்தவள் நான்தான்.

லேடீஸ் கிளப்பில் போட்டியாம். வீட்டில் வீணான டப்பாக்களைக் கொண்டு ஹாலுக்குள்ளேயே குட்டித் தோட்டம் வைக்க வேண்டுமாம். மேடம் காரை எடுத்துக்கொண்டு பண்ருட்டி போய்ப் பன்னிரண்டு புது டப்பா வாங்கி வந்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அவற்றைப் பழசாக்கும் வேலை எனக்கு. வீணான டப்பாவுக்காகப் பண்ருட்டி வரை போனவர் இந்த பிளாக்கிலேயே இவர் ஒருவர்தான்.

கிளப் செயலாளர் கஸ்தூரியம்மாள் வந்து பார்த்தார். "விலை ஸ்டிக்கர் கூடப் போகலயே சத்யா. நிஜமாவே பழசு ஒண்ணாவது வேணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்போதுதான் மேடத்துக்கு என் ஞாபகம் வந்தது.

"வீரம்மா, போன வருஷம் பெயிண்ட் அடிச்சப்ப ஒரு பக்கெட் குடுத்தேனே, இருக்கா?"

"இருக்குங்க. அதுலதான் ரேஷன் அரிசி கொட்டி வச்சிகினு இருக்கேன். எங்க வூட்ல எலித் தொல்லைங்க. அந்த மூடி இருக்கறதாலதான் சோறு திங்கறோம்."

"நாலே நாள். அப்படியே திருப்பித் தந்துடறேன்."

வேலை போய்விடுமோ என்று பயம். கொடுத்தேன். அரிசியைச் சாக்கில் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டேன். எலிக்குக் கயிறெல்லாம் ஒரு தடையா? மூன்றாம் நாள் சாக்கில் ஓட்டை, தரையெல்லாம் அரிசியும் புழுக்கையும். பொறுக்கிப் புடைத்துக் கழுவி உலையில் போட்டேன். மகள் இசைப்பிரியா மோந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

மறுநாள் போட்டி. யாராவது காப்பி அடித்துவிடுவார்களென்று அதுவரை மேடம் துணி போட்டு மூடி வைத்திருந்த பக்கெட்டை அன்றுதான் பார்த்தேன். சூடான கத்தியால் அதன் வயிற்றைக் கிழித்து, உள்ளே மண் நிரப்பி, பாசி ஒட்டி, ஒரு பொம்மைக் குடிசை வைத்திருந்தார். வாசலில் பிளாஸ்டிக் மான். எந்த ஊர்க் குடிசை வாசலில் மான் நிற்கிறதோ தெரியவில்லை. எங்கள் வாசலில் எலிதான் நிற்கிறது. மூடிக்கு நீலம் அடித்துக் குளமாக்கியிருந்தார்.

வீட்டுக்கு வந்த நடுவர்கள் அதைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். "ஒரு வருஷமா தூக்கிப் போட மனசில்லாம வச்சிருந்தேன்" என்று மேடம் கூசாமல் சொன்னார். முதல் பரிசு கொடுத்தார்கள். நான் டீ கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் போன பிறகு மேடம் மானையும் குடிசையையும் எடுத்துப் பத்திரப்படுத்தினார். மண்ணைத் தட்டிக் கொட்டிவிட்டு, வயிறு பிளந்த பக்கெட்டைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

"எடுத்துட்டுப் போ வீரம்மா. உனக்கு எதுக்காவது யூஸ் ஆகும்."

"வேணாங்க மேடம். எங்க வூட்ல வேஸ்ட் வைக்க எடமில்லீங்க."