இரண்டடி தூரத் தபால்

இளங்கோவன் சாப்பிட உட்கார்ந்ததும் தபால் பட்டுவாடா தொடங்கியது.

"உங்கப்பாகிட்ட சொல்லு, கேஸ் தீரப்போவுது," என்றாள் அம்மா சொர்ணம். அப்பா இரண்டடி தள்ளிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மர்பி டவுன் ஒற்றையறை வீட்டில் அதற்கு மேல் தள்ளி உட்கார வேண்டுமானால் தெருவுக்குத்தான் போக வேண்டும்.

"அப்பா, கேஸ் தீரப்போவுதாம்."

"புக் பண்ணியாச்சுன்னு சொல்லு."

"அம்மா, புக் பண்ணியாச்சாம்."

மனைவியை ஒரு வார்த்தை கேட்காமல் அப்பா தொழிற்சாலையில் விருப்ப ஓய்வுக்குக் கையெழுத்துப் போட்டு வந்த நாளிலிருந்து இந்த ஏற்பாடு. முதலில் இளங்கோவனுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. வசவுகளை நாகரிகப்படுத்திக் கொடுத்துப் பார்த்தான். மூலப் பிரதி ஏற்கெனவே இருவர் காதிலும் விழுந்திருந்ததால் பலனில்லை. பிறகு தூக்கம் போயிற்று. படித்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தான். போன வாரம் பி.எஸ்ஸி. இறுதியாண்டு வைவா என்ற வாய்மொழித் தேர்வில், பதில் தெரிந்தும் வாய் திறக்கவில்லை. யாராவது சொல்லியனுப்பினால்தான் பேசுவேன் என்று நாக்கு வேலைநிறுத்தம் செய்தது. தேர்வு நடத்திய மௌரீன் மேடம் இரக்கப்பட்டு வியாழக்கிழமை இன்னொரு வாய்ப்புத் தந்திருந்தார். அதிலும் ஊமையானால் ஒரு வருடம் போச்சு.

கேன்டீனில் வகுப்புத் தோழி ரூபினியிடம் இதையெல்லாம் நகைச்சுவையாகச் சொல்லத் தொடங்கினான். பாதியில் நகைச்சுவை தீர்ந்துபோயிற்று. அவள் சிரிக்கவில்லை.

"இத வீட்ல சொன்னியா?"

"அங்க மத்தவங்க சொன்னத மட்டும்தான் சொல்லுவேன்."

"ஒருவாட்டி உன்னோடத சொல்லு மாராயா," என்று கன்னட வழக்கில் செல்லமாக அதட்டினாள்.

அன்று மாலை அம்மா, "உங்கப்பாகிட்ட கேளு, சப்பாத்தியா சோறான்னு," என்றாள்.

இளங்கோவன் அப்பா பக்கம் திரும்பவில்லை.

"எனக்குத் தூக்கமே வரலம்மா. வைவால பேச்சு வரல. வியாழக்கிழமையும் வராதோன்னு பயமா இருக்குப்பா. இனிமே என்னால சொல்ல முடியாது. நீங்களே பேசிக்குங்க."

பக்கத்து வீட்டு டிவியில் கன்னடச் செய்தி துல்லியமாகக் கேட்டது. அம்மா பழக்கதோஷத்தில் "உங்கப்பா..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"புள்ள சொல்றது காதுல வுழுந்துச்சா?"

யாரைக் கேட்கிறாள் என்று அப்பா ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"வுழுந்துச்சு சொர்ணம்."

அதன்பின் நேரடி ஒளிபரப்பு. "எல்லாம் உங்களாலதான்!" "என்னாலயா? நீ பேசாம இருந்தியே, அது?" பாய் விரித்துப் படுத்த இளங்கோவனுக்கு, அந்தச் சத்தத்தின் நடுவே, அதிசயமாகக் கண் சொருகியது.

"மெதுவா கத்துங்க, தூங்குறான்."

மெதுவாகக் கத்துவதற்கு அவர்கள் நெருங்கி உட்கார வேண்டியிருந்தது. மூடப்போகும் இமைகளுக்கிடையே அவன் பார்த்தான்: பல்பின் கீழே இரண்டு தலைகள் முட்டிக்கொள்ளும் அளவு அருகில், சுவரில் நான்கு கைகளின் நிழல், விடாமல் ஆடிக்கொண்டு.