முனைக்காரர்

ஒரு கூட்டமே தண்ணீரில் இறங்கி என்னைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், நான் கார் பானெட்மேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன். இதைக் கேட்கிறவர்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்கு மட்டும் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. ஏனென்றால் அதற்குக் காரணமான மனிதர் போட்டுத் தருகிற காபியைத்தான் தினமும் காலையில் குடிக்கிறேன்.

என் வேலை பல் செய்வது. பல் மருத்துவமனையின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், முகம் தெரியாத ஆட்களின் ஈறு அச்சுகளை முன்னால் வைத்துக்கொண்டு நாள் முழுக்க மெழுகு சுரண்டுவேன். நோயாளிகளைப் பார்க்கிற வழக்கம் கிடையாது. அன்றைக்கு ஒரு முன்பல்லின் நிறம் ஒத்துப்போகவில்லை என்று மேலே கூப்பிட்டார்கள். நாற்காலியில் முப்பது வயதுகூட இருக்காத ஒரு பெண், உடைந்த பல்லோடு இளித்துக்கொண்டிருந்தாள்.

“எப்படி உடைஞ்சுது?” என்றேன்.

“கல்லுக்கு முத்தம் குடுத்துட்டேன். காட்டுப் பாதையில பைக் ஓட்டக் கத்துக்குடுக்கறேன் நான். ஞாயித்துக்கிழமை வந்து பாருங்களேன். உங்க வயசுக்காரங்ககூட வர்றாங்க.”

வேடிக்கை பார்க்கத்தான் போனேன். கைவிட்ட கல்குவாரி அது. பள்ளத்திலிருந்து ஒரு வண்டி உறுமிக்கொண்டு மேலே வந்தது. ஓட்டிவந்த பெண் உட்காரவே இல்லை. எழுந்து நின்றபடி, சரளைக்கல் தெறிக்க என்னைக் கடந்து போனாள். யாரென்று பார்த்தால் என்னைவிட நாலைந்து வயது மூத்த நர்ஸ். நான் அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் பரிசோதகர். எது ஓடலாம், எது ஓடக்கூடாது என்று அட்டை மாட்டுகிற உத்தியோகம். அந்த அட்டையை வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு வருவார்.

“நாப்பத்திநாலு வயசுல எலும்பு உடைஞ்சா ஒட்டறதுக்குள்ள பேரப்புள்ள பொறந்துடும்,” என்றார்.

“பொறக்கட்டும். கட்டுப் போட்ட கையோட கொஞ்சறேன்.”

விடுதியில் தங்கிப் படிக்கிற மகளுக்கு ஹெல்மெட் மாட்டிய படத்தை அனுப்பினேன். உடனே போன் வந்தது. “அம்மா, அச்சு அசல் கட்டெறும்பு மாதிரியே இருக்க. அப்பா என்ன சொன்னாரு?” அப்பா என்ன சொன்னார் என்று நான் சொல்லவில்லை. ஏனென்றால் அப்பா அதற்குள் தானும் பெயர் கொடுத்துவிட்டு வந்திருந்தார். “உன்னத் தனியா விட முடியுமா?” என்றார். எனக்கே எனக்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன். அதுவும் போயிற்று.

கல்லுக்கு முத்தம் கொடுத்தவளை எல்லோரும் கேப்டன் என்று கூப்பிட்டார்கள். அவள் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே எழுந்து நிற்பதுதான். கால் வைக்கிற கம்பியில் நின்று, முழங்காலைத் தளர்த்தி, வண்டியை அதன் போக்கில் குதிக்க விட வேண்டும். என் வீட்டுக்காரர் இருபது வருஷமாகத் தார் ரோட்டில் பைக் ஓட்டுகிறவர். மேடு வந்தால் அவர் உடம்பு தானாக உட்கார்ந்துவிடும். உட்கார்ந்ததும் சீட் எகிறி அவரைத் தூக்கிப் போடும். எனக்கு மறக்கவேண்டிய பழக்கம் எதுவும் இல்லை. மெழுகை இறுக்கிப் பிடித்தால் வேலை கோணலாகிவிடும் என்று என் கைக்குத் தெரியும். ஹேண்டில்பாரையும் அப்படியே பிடித்தேன். விழாமல் இல்லை, நன்றாகவே விழுந்தேன். விழுந்த வண்டியை அவரவர்தான் தூக்க வேண்டும், வேறு கை பட்டால் அந்தச் சுற்று கணக்கில் சேராது என்பது கேப்டனின் சட்டம். முதுகை சீட்டில் முட்டுக்கொடுத்துக் காலால் உந்தித் தூக்கக் கற்றுக்கொண்டேன்.

ஒருநாள் சரளை மேட்டில் நான் ஏறிவிட்டேன். அவர் பாதியில் சறுக்கிச் சறுக்கிக் கீழே வந்தார். வீட்டுக்குத் திரும்பும்போது காரில் எனக்குப் பாடம் நடந்தது.

“அந்த மேட்டுல நீ ஆக்சிலேட்டரக் கொஞ்சம் முன்னாடியே குறைச்சிருக்கணும்.”

“மேல ஏறினது நான்தானே?”

“ஏறினது வேற, முறை வேற.”

குவாரியிலும் இதே கதைதான். கேப்டன் என்னைப் பார்த்து “பயமா இருக்கா?” என்று கேட்டால், பதில் அவரிடமிருந்து வரும். “அவளுக்குக் கொஞ்சம் பயம் மேடம்.” என் வாய்க்குள் இவர் நாக்கு எப்போது வந்து புகுந்தது என்று எனக்கே தெரியவில்லை.

பயிற்சியின் முடிவில் காட்டுக்குள் ஒரு நாள் ஓட்டம். கடைசியில் ஒரு ஓடை வரும். வேறு கை படாமல் அதைத் தாண்டியவர்களை மட்டும்தான் அடுத்த மாதம் மலைக்குக் கூட்டிப்போவார்கள். எனக்கு அந்த மலை வேண்டும். சுற்றிவளைக்காமல் சொல்கிறேன், கல்யாணம்கூட அவ்வளவு ஆசைப்பட்டுச் செய்துகொண்டதில்லை. இரண்டு நாள், என் வண்டி, என் கை, என் கால். வேலை செய்யும்போதெல்லாம் மெழுகில் மலைப்பாதைதான் தெரிந்தது.

காட்டுக்குள் போவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் கேப்டன். கடைசியில் வால். எங்கள் வால் ஒரு ரொட்டிக்கடைக்காரர், ஆள் மலைபோல இருப்பார். பாதை பிரிகிற இடம் வந்தால், கேப்டனுக்கு அடுத்து வருகிறவர் அந்த முனையில் நின்றுவிட வேண்டும். பின்னால் வருகிற ஒவ்வொருவருக்கும் எந்தப் பக்கம் என்று கை காட்ட வேண்டும். வால் வந்து சேரும்வரை இடி விழுந்தாலும் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. அவருக்கு முனைக்காரர் என்று பெயர். வருகிறவர்கள் யோசிக்காமல் முனைக்காரரின் கையைப் பார்த்துத் திரும்பிவிடுவார்கள். தூசிக்குள் ஒற்றைத் தடத்தில் போகும்போது அந்தக் கையை விட்டால் வேறு எதுவும் கிடையாது.

ஓடைக்கு முந்தைய முனையில் என் வீட்டுக்காரரின் முறை வந்திருந்தது. வாலுக்கு முன்னால் கடைசி ஆளாக நான் வந்தேன். தூசி அடங்கட்டும் என்று ரொட்டிக்கடைக்காரர் எப்போதும் ஒரு வளைவு பின்தங்கித்தான் வருவார். என் வீட்டுக்காரர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நின்றிருந்தார். வலது பக்கம் கை காட்டினார். இடது பக்க மண்ணில் டயர் தடங்கள் நிறைய இருந்தன. ஒரு கணம் சந்தேகம் வந்தது. ஆனால் முனைக்காரர் கையைச் சந்தேகப்படக் கூடாது. அதோடு அது என் புருஷன் கை. வலது பக்கம் திரும்பினேன்.

பாதை கொஞ்ச தூரத்தில் தார் ரோட்டில் ஏறியது. ஓடை இதோ வரும், அதோ வரும் என்று பார்த்துக்கொண்டே போனால், காலையில் கார்களை நிறுத்திய இடமே வந்துவிட்டது. ஆள் அரவம் இல்லை. கடைசி நேரத்தில் ஓடையை ரத்து செய்துவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். வருத்தமாகத்தான் இருந்தது. மற்றவர்கள் வரட்டும் என்று பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தேன்.

பொட்டலம் காலியாகி நெடுநேரம் கழித்து நர்ஸ் வந்தாள். தொப்பலாக நனைந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் வண்டியை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடிவந்து என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள்.

“உயிரோட இருக்கியா! பாவி, அங்க எல்லாரும் உன்னத் தண்ணிக்குள்ள தேடறாங்க!”

முதலில் தாண்டியவர்கள் மேலே போய்விட்டதால், பின்னால் வந்த என்னைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்துவிட்டார்களாம். ஓடை பள்ளத்தில் இருக்கிறது, அங்கே போன் எடுக்காது; உதவிக்கு ஆள் கூப்பிடத்தான் இவள் வந்திருந்தாள். இருவரும் வந்த வழியே திரும்பி, அந்த முனையில் இடது பக்கம் இறங்கினோம். கடக்கிற இடத்தில் முழங்கால் ஆழம்தான். ஆனால் அதை ஒட்டிக் கீழே ஒரு மடு இருந்தது, கறுத்து, நல்ல ஆழமாக. ரொட்டிக்கடைக்காரர் அதில் கழுத்தளவு நின்று ஒரு கழியால் அடியைத் துழாவிக்கொண்டிருந்தார். கேப்டன் மூழ்கி எழுந்து, மூச்சு வாங்கி, மறுபடி மூழ்கினாள். என் வீட்டுக்காரர் அக்கரையில் நின்றுகொண்டிருந்தார். அவர் சட்டை நனைந்திருக்கவில்லை.

என்னைப் பார்த்ததும் ரொட்டிக்கடைக்காரர் கரையேறி ஒரு கல்மேல் உட்கார்ந்தார். துழாவிய கழியைக் கீழே போடக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

கேப்டன் மூச்சிரைக்க என்னிடம் வந்தாள். “முனையில ஏன் வலது பக்கம் போனீங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கரையிலிருந்து பதில் வந்துவிட்டது.

“நான் இடது பக்கம்தான் மேடம் கை காட்டினேன். அவ ஏதோ யோசனையில திரும்பியிருப்பா. எப்பவுமே இப்படித்தான், அவளுக்கு வழியே பிடிபடாது.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். சொந்தக்காரர் வீட்டுக்கு அவரால் நேரமாகிப் போனால், நான்தான் கிளம்ப லேட் என்று சொல்லியிருக்கிறேன். அவர் மறந்த பிறந்தநாட்களுக்கு நான் மறதிக்காரி ஆகியிருக்கிறேன். இந்த முறையும் பூசி மெழுகிவிடு என்று அந்தக் கண் கேட்டது. நான் ரொட்டிக்கடைக்காரரின் கையைப் பார்த்தேன். அது இன்னும் அந்தக் கழியை விடவில்லை.

“பொய்,” என்றேன். “இவருதான் வலது பக்கம் கை காட்டினாரு.”

அவர் முகத்தில் ஈயாடவில்லை. “உன் நல்லதுக்குத்தான்...” என்று ஆரம்பித்தார். “தண்ணி வேகமா இருந்துச்சு. நீ விழுந்துட்டா...”

“இவங்க மடுவுல முங்கி முங்கி என் பொணத்தத் தேடறாங்க. அப்பவாவது வாயத் தெறந்தீங்களா? நான் ரோட்டுல பத்திரமாப் போயிருப்பேன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே சட்டை நனையாம நின்னீங்க. உங்க மானம் போயிடக் கூடாது, அதுக்காக ரொட்டிக்கடை அண்ணன் செத்தாலும் பரவாயில்ல, அப்படித்தானே?”

கேப்டன் அவரிடம் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். “முனையில நிக்கறவங்க கை பொய் சொல்லக் கூடாது சார்,” என்றாள். “இனிமே நீங்க எங்ககூட வர வேண்டாம்.” பிறகு என் பக்கம் திரும்பி, “உங்களுக்கு அடுத்த பேட்ச்ல பாத்துக்கலாம்,” என்றாள்.

“அடுத்த பேட்ச் எதுக்கு? ஓடை இங்கதான இருக்கு? இப்பவே தாண்டறேன்.”

“வேணாம் மேடம்,” என்றது அக்கரை. “அவ டயர்டா இருக்கா.”

எனக்குத் தலைக்குமேல் ஏறியது. “என் வாயால கேட்டீங்களா? நான் டயர்டுன்னு உங்ககிட்ட வந்து சொன்னேனா?”

கேப்டன் தண்ணீரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மடுப் பக்கம் போய் நின்றுகொண்டாள். ரொட்டிக்கடைக்காரரும் கேட்காமலே எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றார்.

கோபத்தோடு வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்வார்கள். நான் கோபத்தோடுதான் இறங்கினேன். எழுந்து நின்று, அக்கரையில் ஒரு மரத்தின்மேல் கண்ணை வைத்துக்கொண்டு, பாதி தூரம் ஒழுங்காகவே போனேன். அப்புறம் கண் அவர்மேல் போயிற்று. எங்கே பார்க்கிறோமோ அங்கேதான் வண்டி போகும். முன்சக்கரம் ஒரு உருண்டைக் கல்லில் வழுக்கியது. நானும் வண்டியும் சேர்ந்து சாய்ந்தோம். பூட்ஸுக்குள் ஜில்லென்று தண்ணீர் புகுந்தது.

தலையை நிமிர்த்தினால், அவர் தண்ணீருக்குள் ஓடிவருகிறார். என்னைத் தேடும்போது நனையாத சட்டை இப்போது நனைகிறது. ஹேண்டில்பாரை நோக்கிக் கையை நீட்டிவிட்டார்.

“தொட்ட, கைய ஒடிச்சிடுவேன்! தள்ளிப் போ!”

கல்யாணமான நாளிலிருந்து அவரை நீங்க, வாங்க என்றுதான் பேசியிருக்கிறேன். அவருக்கும் கேட்டது, மற்றவர்களுக்கும் கேட்டது. நீட்டிய கையோடு அப்படியே நின்றுவிட்டார். நான் குனிந்து, முதுகை சீட்டில் கொடுத்து, காலை ஊன்றி உந்தினேன். ஒருமுறை கல் நழுவியது. மறுபடி உந்தினேன். வண்டி நிமிர்ந்தது. இஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கக் கூடாதே என்று நினைத்துக்கொண்டே உதைத்தேன். இருமியது. உதைத்தேன். உதைக்க உதைக்க என் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. கடைசியில் பிடித்துக்கொண்டது. எழுந்து நின்று, அவரைச் சுற்றிக்கொண்டு அக்கரை ஏறினேன்.

நர்ஸ் விசில் அடித்தாள். கேப்டன் புதுப் பல் தெரியச் சிரித்து, “வேற யாரும் தொடல. மலைக்கு வர்றீங்க,” என்றாள்.

காரின் பின்னால் இரண்டு பைக்குகளையும் இழுவை வண்டியில் ஏற்றிக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். அவர் ஓட்டினார். அவர் ஓடையைத் தாண்டியதே ரொட்டிக்கடைக்காரர் பின்னாலிருந்து தள்ளித்தான் என்று நர்ஸ் என்னிடம் சொல்லியிருந்தாள். ஈர பூட்ஸின் நாற்றம் கார் முழுக்க இருந்தது.

“நான் விழுவேன்னு பயந்தீங்க. சரி, அது ஒரு காரணம்னே வச்சுக்குவோம்,” என்றேன். “கண்ணெதிர்ல தேடும்போதுகூட எப்படி மனசு வந்துச்சு?”

அவர் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“நீ விழுவேன்னு பயப்படல,” என்றார்.

“பின்ன?”

“நீ தாண்டிடுவேன்னு தோணிச்சு. நான் தாண்ட மாட்டேன்னு எனக்குத் தெரியும்.”

உண்மையைச் சொல்லிவிட்டார், மனம் இளகும் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் நல்லதுக்கு என்று சொல்லிச் சொல்லி இவர் சாத்திய கதவெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. வெளியூரில் கிடைத்த வேலை, பாதியில் நின்ற நீச்சல், நான் சேராத மேல்படிப்பு. அக்கறை என்று நினைத்துத்தான் அத்தனையையும் விட்டுக்கொடுத்தேன். அதில் எத்தனை அக்கறை, எத்தனை இது?

“கோவமா இருக்கியா?” என்று கேட்டார்.

“இருக்கேன். மலைக்குப் போயிட்டு வந்தும் இருப்பேன்,” என்றேன்.