நெஞ்சுக்கு மூன்று கொட்டேஷன்

பதினோரு மாடிக் கட்டடம் ஒன்றில், மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே நிறுத்திய லிஃப்ட்டின் கூரைமேல் குந்தியிருந்து கம்பிவடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த மெக்கானிக், பகல் பன்னிரண்டு மணிக்கு அப்படியே சாய்ந்துவிட்டான். நல்லவேளையாக இடுப்பில் பாதுகாப்புப் பட்டை இருந்தது. பக்கத்தில் கப்பலும் இருந்தார். கப்பல் என்பவர் அவனோடு பத்து வருஷமாக வேலை பார்க்கும் மூத்த மெக்கானிக். ஆடி அசைந்து நடக்கிற நடைக்காகக் கிடைத்த பெயர் அது. அவர்தான் அவனை வாரித் தோளில் போட்டுக் கீழே இறக்கி, அடுத்த தெருவிலிருந்த சின்ன மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். கொண்டுபோனதும் அவன் தங்கைக்கு ஃபோன் போட்டார்.

தங்கை ஓடி வந்தபோது, திரைக்குப் பின்னால் நர்ஸம்மா கத்திரிக்கோலோடு திணறிக்கொண்டிருந்தார். யூனிஃபார்ம் சட்டையை வெட்டினால் உள்ளே ஒரு பனியன். அதை வெட்டினால் இன்னொன்று, தோலோடு ஒட்டிக்கொண்ட மாதிரி இறுக்கமாக. அதற்கும் அடியில் ஒன்று.

“என்னங்க இது, வெங்காயம் மாதிரி உரிக்க உரிக்க வந்துகிட்டே இருக்கு? இந்த வெயில்ல மூச்சு முட்டாம என்ன செய்யும்?”

“எனக்குக் கொஞ்சம் குளிர் உடம்பு” என்றான் கண்ணைத் திறந்தவன். சொல்லும்போதே நெற்றியிலிருந்து வியர்வை காதுக்குள் இறங்கியது.

தங்கை கீழே குனிந்தாள். வெட்டிப் போட்டிருந்த துணிகளில் கடைசி ஒன்றை மட்டும் எடுத்து விரித்துப் பார்த்தாள்.

அவர்கள் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். கீழ்த்தளத்தில் தங்கையும் அவள் கணவரும், மாடி அறையில் அண்ணன். அன்று சாயங்காலம் அவள் சமையலறை மேஜையில் வைத்து விஷயத்தைக் கறந்தாள். பதின்மூன்று வயதில் நெஞ்சு பெண்பிள்ளைக்குப் போலப் பருக்க ஆரம்பித்ததாம். வயசானால் போய்விடும் என்றார்கள். வயசு முப்பத்து நாலாகிவிட்டது. சாப்பாட்டைக் குறைத்தான். ஓடினான். முகம் ஒட்டியது, இடுப்பு இளைத்தது, நெஞ்சு மட்டும் அசையவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். அதைத் தங்கையிடம் சொல்ல முடியாது என்றான். குளத்தில் இறங்கியதில்லை, விளையாட்டில் சட்டையைக் கழற்றியதில்லை, பெண் பார்த்த இரண்டு இடங்களிலும் ஏதோ ஒரு சாக்குச் சொல்லித் தானே தட்டிக்கழித்திருக்கிறான்.

“சிரிக்கணும்னா சிரிச்சுடு” என்றான் கடைசியில்.

“சிரிக்க மாட்டேண்ணா. சத்தியமா.” உதட்டைக் கடித்துக்கொண்டாள். “ஆனா அந்த மூணாவது பனியன் என்னோடது. தொப்பை தெரியாம இருக்க வாங்கினது. ரெண்டு வருஷமா தேடிக்கிட்டிருக்கேன். காத்துல பறந்துடுச்சுன்னு பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட சண்டைகூடப் போட்டேன்.”

அவன் தலையை மேஜைமேல் கவிழ்த்துக்கொண்டான். அதற்கப்புறம்தான் இருவரும் சிரித்தார்கள்.

சிரிப்பு நின்றதும் அவன் மெதுவாக இன்னொன்றையும் சொன்னான். ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்துவிட்டானாம். ஃபோனில் விளம்பரம் வந்ததாம். மாசக் கடைசிக்குள் செய்தால் முப்பது சதவீதம் தள்ளுபடியாம்.

தங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் ஒரு பம்பு தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் இருப்பவள். நாலு பெட்டி திருகாணி வாங்கினாலும் மூன்று கம்பெனியிடம் கொட்டேஷன் வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டாள்.

“தள்ளுபடியா? நெஞ்சை அறுக்கறதுக்குத் தள்ளுபடியா? செருப்பு வாங்கறதுக்கு நாலு கடை ஏறி இறங்குற ஆளு நீ. யாரு டாக்டர்?”

“ஒரு டாக்டர்தான்.”

“பேரு?”

“அதெல்லாம் அவங்க பாத்துப்பாங்க.”

மறுநாளே அவள் ஒரு பச்சை ஃபைல் போட்டாள். மேலே ‘அண்ணன் - நெஞ்சு’ என்று எழுதியிருந்ததைப் பார்த்து அவன் பதறி, ‘நெஞ்சு’ என்ற சொல்லை அடிக்கச் சொன்னான். அவள் அடித்துவிட்டு ‘மேல்பகுதி’ என்று எழுதினாள். உள்ளே பதினேழு கேள்விகள். கத்தியைப் பிடிக்கப்போவது யார், இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், கொழுப்பை மட்டும் உறிஞ்சுவார்களா, அடியில் இருக்கிற சுரப்பியையும் எடுப்பார்களா, மயக்க மருந்து கொடுப்பவர் யார் என்று வரிசையாகப் போனது.

முதலில் தள்ளுபடிக்காரர்களிடம் போனார்கள். கண்ணாடிக் கதவு, நடுவில் செயற்கை அருவி, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத சோபா. கையில் டேப்லெட்டோடு வந்த பெண் அவனை “சார்” என்றும் தங்கையை “மேடம்” என்றும் விடாமல் கூப்பிட்டாள்.

“டாக்டரைப் பாக்கலாமா?” என்றாள் தங்கை.

“கண்டிப்பா மேடம். ஆபரேஷன் அன்னைக்குப் பாக்கலாம்.”

“அன்னைக்கு இவரு மயக்கத்துல இல்ல இருப்பாரு?”

“நீங்க பாக்கலாம் மேடம்.”

தங்கை கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். மயக்க மருந்துக்குத் தனிக் கட்டணம். ஆபரேஷன் அறைக்குத் தனி. பரிசோதனைகளுக்குத் தனி. ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் போட்டுக்கொள்ள வேண்டிய இறுக்கப் பனியனுக்கும் தனி.

“ஆறு வாரமா?” என்றான் அண்ணன் திடுக்கிட்டு. “அதுலேர்ந்து தப்பிக்கத்தானே இங்க வந்தேன்!”

“உனக்குத்தான் இருபது வருஷ அனுபவம் இருக்கே” என்றாள் தங்கை, கால்குலேட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். எல்லாவற்றையும் கூட்டியதும், தள்ளுபடி போக இரண்டு மாதச் சம்பளம் என்றிருந்தது நாலு மாதச் சம்பளமாக வளர்ந்து நின்றது. அவன் ஏற்கெனவே கட்டியிருந்த முன்பணத்தைத் திருப்பித் தரமாட்டார்களாம். வேண்டுமானால் முகத்துக்கு இரண்டு தடவை க்ரீம் பூசிவிடுவார்களாம். தங்கை விடவில்லை. இரண்டு தடவையும் தானே பூசிக்கொண்டுதான் வந்தாள்.

இரண்டாவது டாக்டர் பேர் பெற்றவர். காத்திருக்கும் அறை முழுவதும் அவர் படம்தான். அவனைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, நீல மைப் பேனாவால் நெஞ்சில் வட்டங்கள் போட்டவர், பேனாவை நிறுத்தாமல் வயிற்றுக்கும் இறங்கிவிட்டார்.

“இதையும் இதையும் சேர்த்து எடுத்துட்டு, இங்க சிக்ஸ் பேக் செதுக்கிடலாம் பிரதர். சிலை மாதிரி ஆயிடுவீங்க.”

அவன் முகம் ஒரு கணம் மலர்ந்ததைத் தங்கை பார்த்துவிட்டாள். “அவருக்குச் சிலையாகற எண்ணம் இல்லைங்க. லிஃப்ட் ரிப்பேர் பண்ணணும்” என்றாள். “உங்க ஆபரேஷன்ல எத்தனை பேருக்குச் சிக்கல் வந்திருக்கு?”

“என் கையில சிக்கலே வராது, சிஸ்டர்.”

தங்கை ஃபைலில் எழுதிக்கொண்டாள்: ‘வராது என்கிறார்.’ அடியில் கோடு போட்டாள். கட்டணம் ஒன்பது மாதச் சம்பளம். திரும்பி வரும்போது பேருந்தில் அவன் சட்டை வழியாக நீல மை தெரிந்தது. நாலு நாள் தேய்த்தும் போகவில்லை.

மூன்றாவது டாக்டர் ஒரு சாதாரண ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் இருந்தார். தீக்காயம், உடைந்த கை, புற்றுநோய் வந்த மார்பு எல்லாம் பார்ப்பவர். கதவிலிருந்த பெயர்ப்பலகையைப் பார்த்ததும் அண்ணன் திரும்பி நடக்க ஆரம்பித்தான்.

“பொம்பளை டாக்டர்!”

“அதனால என்ன?”

“அதனால என்னவா? அவங்க முன்னாடி நான் எப்படிச் சட்டையைக் கழட்டுறது?”

“அவங்க ஜென்மத்துல பாக்காதது உன்கிட்ட என்ன இருக்கு? வா.” சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்தாள்.

டாக்டரம்மா நரைத்த முடியைக் கொண்டை போட்டிருந்தார். பேச்சு குறைவு. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறான், சத்துப் பவுடர் ஏதாவது எடுக்கிறானா, எப்போதாவது வலித்ததா, கசிந்ததா என்று கேட்டார். எல்லாக் கேள்விக்கும் தங்கையே பதில் சொன்னாள். நாலாவது பதிலில் டாக்டர் பேனாவை வைத்துவிட்டார்.

“யாருக்கும்மா ஆபரேஷன்?”

“அண்ணனுக்கு.”

“அப்ப நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்க.”

தொழிற்சாலையில் முதலாளிகூட அவளை அப்படி எழுப்பியதில்லை. ஃபைலை எடுக்கப் போனாள். “அது இங்கயே இருக்கட்டும், நான் படிச்சுப் பாக்கறேன்” என்றார் டாக்டர். வெறுங்கையோடு வெளியே வந்து உட்கார்ந்தவளுக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை.

உள்ளே, இருபது வருஷமாக மறைத்துவைத்த நெஞ்சோடு பகல் வெளிச்சத்தில் சட்டை இல்லாமல் உட்கார்ந்திருந்தான் அவன். டாக்டர் இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார். இடது பக்கம் கொஞ்சம் பெரிது என்றார். அது அவனுக்குத் தெரியும். அடியில் சுரப்பி கெட்டியாக இருக்கிறது, கொழுப்பை மட்டும் உறிஞ்சினால் மிஞ்சிவிடும், இரண்டும் செய்ய வேண்டும் என்றார். அதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும். வேறு காரணம் இல்லையென்று தெரிந்தால்தான் கத்தியை எடுப்பாராம்.

“செஞ்சுக்கலேன்னாலும் உயிருக்கு ஒண்ணும் ஆகாது. தெரியும்ல?”

“தெரியும் டாக்டர்.”

“அப்புறம் எதுக்கு வேணும்?”

“பஸ் வந்தா ஓடிப் போய் ஏறணும்” என்றான். “இப்ப ஓடமாட்டேன். குலுங்கும். அடுத்த பஸ்ஸுக்கு நிப்பேன்.”

டாக்டர் சிரிக்கவில்லை. அதை அவன் ஃபைலில் எழுதினார். பிறகு தங்கையின் பதினேழு கேள்விகளுக்கும் வரிசையாகப் பதில் சொன்னார். போன வருஷம் நாற்பது பேருக்குச் செய்ததில் மூன்று பேருக்கு நீர் கோத்தது, ஒருவருக்கு ரத்தம் கட்டித் திரும்பத் திறக்க வேண்டியிருந்தது, சிலருக்கு மார்புக் காம்பில் உணர்ச்சி குறையலாம், தழும்பு மங்கும், மறையாது.

“வேற ஏதாவது கேக்கணுமா?”

தங்கையின் பட்டியலில் இல்லாத ஒன்று அவன் மனசில் இருந்தது. விலை குறைவென்று வாங்கிப் போட்ட லிஃப்ட்டெல்லாம் அவனுக்குத் தெரியும். இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோனால் கூப்பிட ஆள் இருக்காது.

“பாதியில ஏதாவது ஆச்சுன்னா… வீட்டுக்குப் போனப்புறம்… யாரைக் கூப்பிடணும்?”

“என்னைத்தான். வேற யாரை?” டாக்டர் ஒரு சீட்டில் தன் கைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தார்.

அவன் வெளியே வந்ததும் தங்கை எழுந்தாள். “என்ன சொன்னாங்க? எவ்வளவாம்? எல்லாம் சேர்த்தா?”

“ஆறு மாசச் சம்பளம். எல்லாம் சேர்த்து. இவங்கதான்.”

“இரு, நான் ஒரு தடவை…”

“இவங்கதான்னு சொல்லிட்டேன்.”

தங்கை கால்குலேட்டரைப் பைக்குள் போட்டாள். ஆனால் பேரம் பேசாமல் போனால் அவளுக்கு அன்று சோறு இறங்காது. கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினாள். “டாக்டர், மூணு இடத்துல கொட்டேஷன் வாங்கியிருக்கோம். கொஞ்சம் பாத்துப் போடக்கூடாதா?”

“ஒரு பக்கம் மட்டும் செஞ்சா பாதி விலைம்மா” என்றார் டாக்டர், தலை நிமிராமல்.

பரிசோதனை முடிவுகளில் கோளாறு எதுவும் இல்லை. ஆபரேஷன் இரண்டு மணி நேரம் நடந்தது. ஐந்தாம் நாள் இடது பக்கம் வீங்கித் தளும்பியது. தங்கை பச்சை ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தாள். அவன்தான் நிதானமாக அந்த எண்ணைப் போட்டான். இரண்டாவது ரிங்கிலேயே டாக்டர் எடுத்தார். ஒரு மணி நேரத்தில் ஊசியால் நீரை எடுத்துக் கட்டுப் போட்டு அனுப்பினார், காசு வாங்காமல்.

“வாரண்டி” என்றாள் தங்கை, மரியாதையோடு.

இடது பக்கம் தொட்டால் இன்னும் சரியாகத் தெரிவதில்லை. அரைவட்டமாக ஒரு தழும்பு இருக்கிறது. அவனுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.

ஆறு வாரம் கழித்து வேலைக்குப் போனபோது யூனிஃபார்ம் சட்டை மட்டும் போட்டிருந்தான். கப்பல் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “எளைச்சுட்டியேப்பா! என்ன பண்ணினே?” அவன் வாய் திறப்பதற்குள், மதியச் சாப்பாடு கொடுக்க வந்திருந்த தங்கை, “காலையில வெந்நீர், ராத்திரி வெள்ளரிக்காய், அவ்வளவுதாண்ணே” என்று முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் அடித்துவிட்டாள். கப்பல் அதை நம்பி மூன்று வாரம் வெள்ளரிக்காயாகத் தின்றார். கண் குழிந்தது, கோபம் கூடியது, வேறெதுவும் ஆகவில்லை.

அண்ணனுக்குப் பாவமாக இருந்தது. ஒருநாள் மோட்டார் அறையில் இருவரும் உட்கார்ந்து டீ குடிக்கும்போது சொல்லிவிட்டான்.

“வெள்ளரிக்காய் எல்லாம் பொய்ண்ணே. நான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். இங்க.” நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

சொல்லி முடித்ததும் காது சூடாகிக் காத்திருந்தான். கப்பல் டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். கிளாஸைக் கீழே வைத்தார். தன் தொளதொளத்த சட்டையை நெஞ்சிலிருந்து இரண்டு விரலால் முன்னே இழுத்துவிட்டுக்கொண்டார். ஒரு நாளைக்கு நூறு தடவை அப்படிச் செய்வார். அதை அவன் அன்றுதான் கவனித்தான்.

“எந்த டாக்டரு?” என்றார் கப்பல். “எவ்வளவு ஆச்சு? எனக்கில்லப்பா. என் மச்சினனுக்கு.”

கப்பலின் மனைவி ஒரே பெண். கூடப்பிறந்தவர் யாரும் கிடையாது. அவனுக்கு அது நன்றாகவே தெரியும்.

“ஒரு அம்மாதான் டாக்டர். நல்லா பாப்பாங்க” என்றான். “மச்சினனைக் கூட்டிக்கிட்டுப் போறன்னைக்குச் சொல்லுங்கண்ணே, நானும் லீவு போட்டுட்டு வர்றேன்.”