மூன்று தூர் மணிப்பூ

டெஸ்மண்ட் மண்வெட்டியோடு என் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றான். பக்கத்து வீட்டுக்காரன், நாற்பது வருடச் சிநேகிதன், தங்கமான மனுஷன். ஆனால் பூச்செடி விஷயத்தில் சுத்த ஞானசூனியம். முட்டைக்கோஸ் தவிர வேறெதையும் வளர்த்தவனில்லை.

நவம்பரில் எனக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. மிச்சமிருப்பது ஒரே ஒரு சொல், ‘சரி’. பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான். வேண்டாம் என்று மனம் கத்தும்போதும் வாயில் வந்து விழுவது அதுதான். தலையும் அதற்கேற்ப ஆடித் தொலைக்கிறது.

ஜன்னலுக்குக் கீழே, கல் சுவரை ஒட்டி என் பூப்பாத்தி. எங்கள் ஊரில் டெஸ்மண்ட் வீட்டைத் தவிர மணிப்பூ இல்லாத வீடு கிடையாது. எல்லார் வீட்டிலும் அது இடுப்புயரம் வளர்ந்து, ஜூன் மழை ஒன்று அடித்ததும் குடிகாரன் மாதிரி பாதையில் விழுந்து கிடக்கும். நான் வருடா வருடம் இருப்பதிலேயே குள்ளமான செடியில் விதை எடுத்தேன். முளைத்ததில் குள்ளமானதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கினேன். ஒன்பது வருடம். கடைசியில் ஒரு சாண் உயரத்தில், இலையே தெரியாமல் நீலமாகப் பூக்கும் மூன்று தூர் கிடைத்தது. குச்சி நட வேண்டாம், கயிறு கட்ட வேண்டாம். உலகத்திலேயே அந்த மூன்றுதான்.

போன கோடையில் டெஸ்மண்ட் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, “என் வீட்டுக்காரி ஆசப்படுறா மெர்வின், ஒண்ணு பிரிச்சுக் குடேன்” என்றான். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். ஊர்த் தோட்டங்களை எல்லாரும் சுற்றிப் பார்க்கும் ஜூன் ஞாயிறு வரை என்னிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்ற அற்ப ஆசை. செடி பிழைக்க வேண்டுமானால் பக்கத்து வீட்டுக்குக் கொடு என்பார்கள் இங்கே. எனக்குத் தெரியாததா? புத்தி கெட்டுப் போனேன்.

பனிக்காலம் முடியாத மார்ச்சில் மணிப்பூ இருப்பதே தெரியாது. மேலே காய்ந்த சருகு, கீழே உறங்கும் வேர்.

“எல்லாம் பட்டுப்போயி வெறும் சருகாக் கெடக்கு” என்றான் டெஸ்மண்ட், திறந்திருந்த ஜன்னல் வழியாக. “கொத்திப் போட்டுட்டு நாத்து வாங்கி வைக்கிறேன். நீ உக்காந்து பாக்க கலரா இருக்கும்.”

“அவன்கிட்டயே கேளு டெஸ்” என்றாள் என் மனைவி கிளெனிஸ். “அது அவன் இடம். நானா எதையும் தொடமாட்டேன்.”

“கொத்திடவா மெர்வின்?”

“சரி” என்றேன். ஐயோ என்று மீண்டும் முயன்றேன். “சரி, சரி, சரி.”

“அவசரத்தப் பாரு இவனுக்கு” என்று சிரித்துக்கொண்டே சுவர் மூலையில் மண்வெட்டியை இறக்கினான்.

இடது கையால் ஜன்னல் கண்ணாடியை அடித்தேன். முதல் தூரை வேரோடு உயர்த்திப் பிடித்து அவனும் கையசைத்தான். வேரின் தலைப்பில் கடுகளவு பச்சை முளைகள். எனக்குத் தெரிந்தன. அவன் அதைத் தள்ளுவண்டியில் எறிந்தான்.

கிளெனிஸ் என் கண்ணீரைத் துடைத்தாள். “குளிருதாப்பா? ஜன்னலச் சாத்தட்டுமா?”

“சரி.”

ஜன்னலைச் சாத்தி, என் நாற்காலியைக் கணப்புப் பக்கம் திருப்பிவிட்டாள். இனி சத்தம் மட்டும்தான். மண்வெட்டி கல்லில் உரசியது, பாத்தியின் நடுவில். அது இரண்டாவது தூர். பிறகு ஓய்ந்தது. கிளெனிஸ் அவனுக்குத் தேநீர் கொண்டு போயிருந்தாள். மூன்றாவது தூர் இருப்பது வாசற்படி ஓரம். அவன் கோப்பையைக் காலி செய்யும்வரை அது மண்ணுக்குள் இருக்கும்.