ஐந்துக்குக் குறைந்த பெயர்

1

இது ஒரு கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. குழந்தைப் பெயர்களுக்கென்றே ஓர் இணையதளம் நடத்துகிறவர் என்னிடம் நானூறு சொற்கள் கேட்டார். எபிரேயப் பெண் பெயர் ஏதாவது ஒன்று, அது எங்கிருந்து வந்தது, இப்போது எத்தனை பேர் வைக்கிறார்கள், அவ்வளவு போதும் என்றார். எனக்குப் பிரசவம் ஆகி முப்பது நாள்தான் ஆகியிருந்தது. குழந்தை தூங்குகிற நேரத்தில் நானூறு சொற்கள் என்ன பெரிய மலையா என்று ஒப்புக்கொண்டேன். எந்தப் பெயரை எடுத்துக்கொள்கிறீர்கள் என்று அவர் கேட்டதும், யோசிக்காமல் யாயேல் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் யோசித்திருந்தால் வேறு பெயரைச் சொல்லித் தப்பித்திருப்பேன்.

முதல் தொடக்கம் இதோ:

யாயேல் என்பது எபிரேய மொழியில் வரையாட்டைக் குறிக்கும் சொல். செங்குத்துப் பாறையிலும் கால் வழுக்காமல் ஏறக்கூடிய அந்த

(இங்கே நின்றுபோனது. குழந்தை எழுந்துவிட்டது என்று இணையதளக்காரரிடம் சாக்குச் சொன்னேன். குழந்தை நன்றாகத் தூங்கிக்கொண்டுதான் இருந்தது.)

2

இரண்டாவது தொடக்கம் விறுவிறுப்பாக இருக்கட்டும் என்று ஒரு பழைய போர்க்கதையைப் பிடித்தேன். தோற்றோடி வந்த சேனாதிபதி ஒருவன், கூடாரத்தில் இருந்த ஒரு பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறான். அவள் பாலாகவே கொடுக்கிறாள். போர்வை போர்த்திப் படுக்க வைக்கிறாள். அவன் அயர்ந்து தூங்கியதும் கூடார முளையை அவன் நெற்றிப்பொட்டில் வைத்துச் சுத்தியலால் அடித்து இறக்கிவிடுகிறாள். அவள் பெயர் யாயேல்.

இணையதளக்காரர் உடனே கூப்பிட்டார். "பால் வரைக்கும் வெச்சுக்கலாம் மேடம். முளையை மட்டும் எடுத்துடுங்க. பிள்ளைத்தாச்சிங்க படிக்கிற இடம்."

முளையை எடுத்துவிட்டால் அவள் வெறும் பால்காரி ஆகிவிடுவாள் என்று வாதாடிப் பார்த்தேன். நடக்கவில்லை. எடுத்துவிட்டேன்.

பூர்வீகம் முடிந்தது. மிச்சம் இருந்தது எண்ணிக்கை. எபிரேயம் பேசுகிறவர்களிடம் இது பரவலான பெயர் என்று ஒரு வரி எழுதினேன். எங்கள் ஊர் நிலவரத்துக்கு, பிறப்புப் பதிவு அலுவலகம் வருடாவருடம் வெளியிடும் பெயர்ப்பட்டியல் இருக்கிறது. ஒரு வருடத்தில் ஐந்து குழந்தைகளாவது வாங்கிய பெயர்தான் அதில் அச்சாகும். ஐந்துக்குக் குறைந்தவை எல்லாம் 'மற்றவை' என்ற ஒற்றை வரியில் போய்ச் சேரும். யாயேல் இதுவரை ஒரு வருடம்கூட அச்சில் வந்ததில்லை. ஆகவே 'விவரம் கிடைக்கவில்லை' என்று எழுதிக் கட்டுரையை முடித்திருக்கலாம்.

ஆனால் எனக்கு விவரம் தெரியும். பதினோரு வருட விவரமும் தெரியும். இரண்டு, மூன்று, மூன்று, ஒன்று என்று தொடங்கி, கடைசியாக நான்கு. அச்சில் வராத எண்கள் எனக்கு எப்படித் தெரிந்தன என்று எழுதப் போனபோதுதான் கட்டுரை கெட்டுக் கதையானது.

3

ஒரு பெண் இருந்தாள். அவள் என் தோழி. (இல்லை.) அவள் என் தோழி ஒருத்தியின் (இதுவும் இல்லை.) அவள் என் அக்கா.

மூன்று முயற்சியையும் அடிக்காமல் விட்டுவைக்கிறேன். நான் எவ்வளவு தூரம் நழுவப் பார்த்தேன் என்பது தெரியட்டும்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறாள். ஒரே பெயரை நான்கு விதமாக எழுதிக்கொடுத்திருப்பார்கள்; அவற்றைச் சேர்த்து ஒன்றாக்கி எண்ணுவது அவள் பொறுப்பு. காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். பதினோரு வருடங்களுக்கு முன்னால் ஒருநாள், அவள் அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, 'மற்றவை' வரிக்குள் விழுந்த ஒரு பெயரை எனக்குச் சொன்னாள். அர்த்தமும் பார்த்து வைத்திருந்தாள்.*

"இது எனக்கு. பொண்ணு பொறந்தா இதான் பேரு. வெளில மூச்சு விட்டுடாதே."

விடமாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும், பட்டியல் முடிகிற வாரத்தில், அவளிடமிருந்து ஃபோன் வரும். "மூணுதான்," என்பாள். "ஒண்ணுதான்," என்பாள். யாருடைய கண்ணும் தன் பெயர்மேல் படவில்லை என்ற நிம்மதி குரலில் தெரியும். ஒரு வருடம் பூஜ்யம். அன்று என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள். நான்கு என்று வந்த வருடம் கவலைப்பட்டாள். ஐந்தாகி அச்சில் ஏறிவிட்டால் ஆளாளுக்கு வைக்கத் தொடங்கிவிடுவார்கள் என்று.

இதற்கு நடுவில் அவளும் அத்தானும் மூன்று மருத்துவமனை மாறினார்கள். எதுவும் கைகூடவில்லை. மூன்றாவது முறைக்குப் பிறகு, "இனிமே போகலடி" என்றாள். அதே மூச்சில், அவள் வீட்டு வாஷிங் மெஷின் சுற்றாமல் நிற்பதைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். நானும் வாஷிங் மெஷினைப் பற்றியே பேசினேன்.

* அக்காவுக்கு உயரம் என்றால் பயம். ஸ்டூலில் ஏறினாலே கால் நடுங்கும். வரையாட்டின் பெயரை ஏன் பிடித்துக்கொண்டாய் என்று கேட்டதற்கு, "அவளாவது ஏறட்டும்" என்றாள். அவள் என்று ஒருத்தி வந்துவிட்டது போலவே பேசுவாள்.

4

எனக்கு முப்பத்தெட்டு வயதில் நாள் தள்ளிப்போனது. நாங்கள் கேட்கவும் இல்லை, காத்திருக்கவும் இல்லை. செய்தியைச் சொல்ல அக்கா வீட்டுக்குப் போய், சொல்லாமலே திரும்பி வந்தேன். மறுநாள் ஃபோனில் சொன்னேன். "நல்லா சாப்பிடு," என்றாள். சாயங்காலமே கால்சியம் மாத்திரையும் சாய்ந்துகொள்ள இரண்டு தலையணையுமாக வந்து நின்றாள்.

எனக்கு ஐந்தாம் மாதம் நடந்தபோது பட்டியல் முடிகிற வாரம் வந்தது. அந்த வருடம் அக்கா கூப்பிடவில்லை.

கதை எழுதுகிறவள் என்ற முறையில் இந்த இடத்தில்தான் எனக்கு இடறுகிறது. அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம்? பெயரை விட்டுவிட்டாளா? என் வயிற்றைப் பார்த்தபின் எண்ணைச் சொல்ல மனம் வரவில்லையா? அந்த வாரம் வேலை அதிகமாக இருந்து மறந்தே போனாளா? கதாபாத்திரமாக இருந்தால் நான் முடிவு செய்துவிடலாம். அக்கா விஷயத்திலும் அதையேதான் செய்தேன். விட்டுவிட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுதான் எனக்கு வசதியாக இருந்தது.

பிரசவ அறையில் செவிலியர் குழந்தையின் கையில் பட்டை கட்டும்போது, பெயர் ஏதாவது வைத்திருக்கிறீர்களா, இல்லாவிட்டால் 'பெண் குழந்தை' என்றே எழுதிவிடட்டுமா என்று கேட்டார்.

"யாயேல்," என்றேன்.

மயக்கத்தில் உளறினேன் என்று முந்தைய படியில் எழுதியிருந்தேன். இப்போது அதை எடுத்துவிட்டேன். நல்ல நினைவோடுதான் சொன்னேன். எழுத்துக்கூட்டியும் சொன்னேன்.

5

வீட்டுக்கு வந்ததும் பட்டையை வெட்டி எடுத்தேன். தூக்கிப்போட மனமில்லாமல், ஊக்கும் பொத்தானும் போட்டுவைக்கும் பிஸ்கட் டப்பாவில் போட்டேன். நானும் என் வீட்டுக்காரரும் தனியாக இருக்கும்போது யாயேல். அக்கா வந்தால் குட்டி. பதிவுப் படிவத்துக்கு அறுபது நாள் கெடு இருந்தது. அதற்குள் அக்காவிடம் பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்பது திட்டம். ஐம்பது நாள் வரைக்கும் பக்குவம் வரவில்லை.

என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பொய் சொல்ல வராத மனிதர். ஒரு முறை அக்கா செருப்பைக் கழற்றும்போதே குழந்தையிடம் "யா" என்று தொடங்கிவிட்டார். பிறகு சுதாரித்து, "யாரு வந்திருக்காங்க பாரு, பெரியம்மா!" என்று சமாளித்தார். அதன் பிறகு ஒரு மணி நேரம் அவர் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

அக்கா ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் வாசலில் நின்று ஒரே கேள்வியைக் கேட்பாள். "பேர் முடிவாச்சா?" இன்னும் இல்லக்கா என்பேன். சரி, மெதுவா யோசிங்க என்பாள்.

கடைசியாக வந்த அன்று குழந்தையின் துணியை மாற்றிக்கொண்டிருந்தாள். ஊக்கு எங்கே என்று கேட்டாள். நான் பால் பாட்டிலைக் கழுவிக்கொண்டே, "அலமாரில டப்பால இருக்கு" என்று சொல்லிவிட்டேன். டப்பாவின் மூடி திறக்கும் சத்தம் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. குழாயை மூடினேன்.

ஓர் ஊக்கை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? அதைவிடக் கொஞ்சம் அதிகமாகத்தான் ஆயிற்று.

"கிடைச்சுதாக்கா?"

"கிடைச்சுது."

துணியைக் குத்தினாள். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினாள். வாஷிங் மெஷினுக்கு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனதைச் சொன்னாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள். பெயர் முடிவாயிற்றா என்று அன்று மட்டும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஏழு நாள் ஆகிறது. ஆபீஸில் வேலை என்கிறாள். அவள் பிரிவில் இந்த மாதம் வேலை இருக்காது என்பது பதினோரு வருடமாக எனக்குத் தெரியும்.

6

முடிவுகளைப் பார்ப்போம். மூன்று வைத்திருக்கிறேன்.

முதல் முடிவில் அக்கா வருகிறாள், குழந்தையை வாரி எடுத்து யாயேல் என்று கூப்பிடுகிறாள், எல்லோரும் அழுகிறோம். நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவள் அக்காதான். ஓரத்தில் பென்சிலால் குறிப்பு எழுதித் தருவாள். இந்த முடிவுக்கு நேரே 'சினிமா' என்று எழுதியிருப்பாள். கிழித்துவிட்டேன்.

இரண்டாவது முடிவில் நாங்கள் பெயரை மாற்றிவிடுகிறோம். இதை ஒரு நாள் நடத்தியே பார்த்தோம். காலையிலிருந்து வேறொரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோம். குழந்தை திரும்பவில்லை, யாயேல் என்றாலும் அது திரும்புவதில்லை, அதற்கு இப்போதைக்குப் பால் ஒன்றுதான் தெரியும். எங்களுக்குத்தான் வாய் வரவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பது போல இருந்தது. மத்தியானத்துக்குள் விட்டுவிட்டோம்.

மூன்றாவது, ஒன்றும் சொல்லாமல் படிவத்தைக் கொடுத்துவிடுவது. ஊரில் எல்லோரிடமும் மறைக்கலாம். ஆனால் ஐந்துக்குக் குறைந்த பெயர்களைப் படிக்கும் ஆள் இந்த ஊரில் ஒருத்திதான். படிவம் சுற்றிச் சுற்றி அவள் மேசைக்குத்தான் போகும்.

(நான்காவதாக, முடிவே சொல்லாமல் வாசகரிடம் விட்டுவிடும் வழக்கம் எனக்கு உண்டு. அதற்கும் அக்காவின் குறிப்பு ஒன்று பழைய கையெழுத்துப்படியில் இருக்கிறது: 'முடிக்கத் தெரியலன்னா ஏன்டி ஆரம்பிக்கிற?')

7

இவ்வளவு நேரம் பொதுவாக வாசகரிடம் பேசுவது போல எழுதிக்கொண்டு வந்தேன். இந்தக் கதைக்கு வாசகர் ஒருவர்தான். மற்றவர்கள் இங்கேயே இருக்கலாம், ஒளிக்க இனி ஒன்றும் இல்லை.

அக்கா, டப்பாவில் நீ பார்த்தது அதுதான். உன்னிடம் கேட்டு வாங்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். நீ மறுப்பாய் என்று நினைத்து மறைக்கவில்லை. கேட்டால் "வெச்சுக்கோ" என்று சொல்லிவிடுவாய், அதுதான் பயம். சின்ன வயதிலிருந்து நான் கேட்ட எதையும் நீ இல்லையென்று சொன்னதில்லை. இதையும் நீ கொடுத்துவிட்டால், உனக்கு எவ்வளவு வலித்தது என்று எனக்குத் தெரியாமலே போய்விடும். திருடியாவது விடலாம், அந்த "வெச்சுக்கோ"வைக் காதால் கேட்க முடியாது என்று தோன்றிவிட்டது. இப்போது பார்த்தால் இரண்டிலும் வலி உனக்குத்தான். என்னை மன்னித்துவிடு.

நீ அந்தப் பெயரை விட்டுவிட்டாயா என்று எனக்குத் தெரியாது. ஃபோன் வராத அந்த வாரமே நான் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன்: அந்த வருடம் எத்தனை?

முடிவை உன் தலையில் கட்டுகிறேன் என்று திட்டாதே. என்னால் முடிந்த வரைக்கும் எழுதியிருக்கிறேன். படிவத்தை இந்தத் தாள்களோடு வைக்கவில்லை, என்னிடமே இருக்கிறது. எல்லாக் கட்டமும் பேனாவால் நிரப்பியாயிற்று. குழந்தையின் பெயர் என்ற கட்டத்தில் மட்டும் யாயேல் என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன். பென்சிலில் எழுதினால் வாங்க மாட்டார்கள் என்று நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, உன் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில், மூன்றாவது கவுண்டர் பக்கத்தில் இருப்போம். அன்று அறுபதாவது நாள். நீ மாடியிலிருந்து இறங்கி வர வேண்டும், அவ்வளவுதான். பேனாவோடு வந்தால் அந்த எழுத்தின் மேலேயே எழுது. ரப்பரோடு வந்தால் அழித்துவிடு. என் வாய் திறக்காது, வேறு பெயருக்கு வாயைப் பழக்கிக்கொள்வோம்.

இரண்டும் இல்லாமல் வெறுங்கையோடு வருவதானாலும் வா, அக்கா. பத்து மணிக்குக் குட்டி முழித்திருப்பாள்.